கணவருக்கு மரக்காத சீட் எனக்கு மட்டும் ஏன் மரக்கிறது?

கேள்வி: பினாங்கில் பாயான் லெப்பாஸில் இருக்கிறோம். எனக்கு வயது 44. கணவரின் பழைய ரோடு பைக்கை (கீழே வளைந்த ஹேண்டில் உள்ள சைக்கிள்) மூன்று மாதமாக ஓட்டுகிறேன். ஞாயிறு காலையில் குவீன்ஸ்பேயிலிருந்து ஜெலுத்தோங் பக்கம் கடலோரப் பாதையில் போய்த் திரும்புவோம். பத்து கிலோமீட்டர் தாண்டினால் முன்பக்கம் மரத்துவிடுகிறது. வீடு வந்து அரை மணி நேரம் கழித்துத்தான் உணர்வு திரும்புகிறது. இதே சீட்டில் கணவர் மூன்று மணி நேரம் உட்கார்ந்து ஓட்டியிருக்கிறார். கடைக்காரர், "இது ஆம்பளைங்க சீட்டுக்கா, ஜெல் போட்ட லேடீஸ் சீட் இருக்கு, 320 வெள்ளி" என்கிறார். மாற்றினால் சரியாகுமா?

பதில்: ஒருவேளை சீட்டை மாற்றத்தான் வேண்டியிருக்கும். ஆனால் 320 வெள்ளியை எடுக்குமுன் மூன்று விஷயம் தெரிய வேண்டும். அந்த சீட்டின் அகலம் எத்தனை மில்லிமீட்டர்? உட்காரும்போது சீட்டில் முட்டும் உங்கள் இரண்டு எலும்புகளுக்கும் இடையே எத்தனை? இப்போதுள்ள சீட் யாருடைய கால் நீளத்துக்கு நிற்கிறது? முதல் இரண்டையும் கடைக்காரர் கேட்டதாக நீங்கள் எழுதவில்லை. மூன்றாவதற்கு விடை உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது: கணவருடையது.

அதனால் அங்கிருந்தே தொடங்குவோம், செலவு இல்லாத வேலை. சீட் உயரமாக இருந்தால் கீழே போகும் பெடலை எட்டிப் பிடிக்க இடுப்பு இடமும் வலமும் ஆடும். காலில் இறங்க வேண்டிய பாரமெல்லாம் கவட்டில் இறங்கும். சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறி உட்காருங்கள். பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வையுங்கள். இடுப்பு சாயாமல் முழங்கால் நேராக நின்றால் உயரம் சரி. எட்டவில்லை என்றால் இறக்குங்கள். கணக்குப் பிடித்தவர்கள் இப்படியும் பார்க்கலாம்: வெறுங்காலில் சுவரோடு நின்று, ஒரு தடித்த புத்தகத்தைக் கவட்டில் அழுத்தி, அதன் மேல் விளிம்பிலிருந்து தரைவரை அளந்து, 0.883 ஆல் பெருக்குங்கள். அளந்தது 72 செ.மீ. என்றால், இரண்டு பெடல் தண்டுகளும் சேரும் நடு அச்சின் மையத்திலிருந்து சீட்டின் மேற்பரப்புவரை ஏறத்தாழ 63.5 செ.மீ. இருக்க வேண்டும். கால் நீளத்தில் 5 செ.மீ. வித்தியாசம் இருந்தால் சீட் உயரத்தில் கிட்டத்தட்ட நாலரை செ.மீ. மாறும். கணவன், மனைவி இருவரும் உயரத்தை மாற்றாமல் ஓட்டும் ஒரே சைக்கிளில் ஒருவர் கஷ்டப்படத்தான் செய்வார்.

அடுத்து மூக்கு, அதாவது சீட்டின் முன்நுனி. சீட்டின் நீளவாட்டில் ஒரு பலகைத் துண்டை வைத்து, அதன்மேல் ரசமட்டம் வையுங்கள். போனில் இருக்கும் ரசமட்டமும் போதும். மூக்கு மேலே தூக்கியிருந்தால் மரத்துப்போவதற்கு வேறு காரணம் தேட வேண்டாம். சமமாக வையுங்கள், போதாவிட்டால் நுனியை 5 மில்லிமீட்டர் இறக்குங்கள். சாதாரண நீள சீட்டில் அது ஒரு பாகை. இரண்டு பாகையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதற்கும் கீழே போனால் உடம்பு முன்னால் வழுக்கும், உள்ளங்கை மரக்க ஆரம்பிக்கும். அதற்கும் ஒரு 'ஜெல் கிளவுஸ்' விற்கக் கடையில் ஆள் இருக்கிறது. சீட்டின் அடியில் ஒரே திருகாணி இருந்தால் 5 அல்லது 6 மில்லிமீட்டர் அலன் கீயால் (அறுகோண முனைச் சாவி) தளர்த்திச் சாய்த்து, மறுபடி இறுக்குங்கள். இரண்டு ஆணி இருந்தால் பின் ஆணியைத் தளர்த்திவிட்டு முன் ஆணியை இறுக்குங்கள், மூக்கு இறங்கும்.

கைக்கும் சீட்டுக்கும் உள்ள தூரமும் கணவருடையதுதான். ஹேண்டில் எட்டாமல் நீட்டிக் குனியும்போது இடுப்பெலும்பு முன்னால் உருளும். எலும்பில் நிற்க வேண்டிய பாரம் முன்பக்க மென்சதைக்கும் அங்கே ஓடும் நரம்புக்கும் இரத்தக் குழாய்க்கும் போய்விடும். நீங்கள் எழுதிய அறிகுறி இதுதான். இதற்காக சீட்டை முன்னால் தள்ளாதீர்கள், முழங்காலுக்கு ஆகாது. ஹேண்டிலைத் தாங்கும் ஸ்டெம்மை இரண்டு, மூன்று செ.மீ. குட்டையாக மாற்றச் சொல்லுங்கள். இன்னொன்று, அந்தக் கடலோரப் பாதை தட்டையானது. பாலிக் புலாவ் மேட்டில் ஏறுகிறவர் தானாகவே எழுந்து நின்று மிதிப்பார், இரத்தம் ஓடும். தட்டைச் சாலையில் எழுந்திருக்கக் காரணமே வராது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பதினைந்து, இருபது வினாடி எழுந்து நின்று மிதியுங்கள்.

இவ்வளவும் செய்து, மூன்று நான்கு முறை ஓட்டிப் பார்த்தும் மரத்துப்போனால் மட்டும் சீட் பக்கம் வாருங்கள்.

ஆண், பெண் வித்தியாசம் உண்மைதான். நாற்காலியில் உள்ளங்கையை அடியில் வைத்து உட்கார்ந்தால் இரண்டு எலும்பு முட்டும். அந்த எலும்புகளுக்கு இடைப்பட்ட தூரம் ஆண்களுக்குப் பெரும்பாலும் 100 முதல் 140 மில்லிமீட்டர், பெண்களுக்கு 110 முதல் 150. இரண்டு எண்களையும் சேர்த்துப் பாருங்கள், பெரும்பகுதி ஒன்றின்மேல் ஒன்று கிடக்கிறது. 140 உள்ள ஆணும் 110 உள்ள பெண்ணும் ஊரில் உண்டு. உடல் பருமனை வைத்தும் சொல்ல முடியாது. சதை கூடினாலும் எலும்பு விரியாது. பழைய காலத்தில் பெண்களுக்கான சீட்டின் மூக்கைக் குட்டையாக்கினார்கள், பாவாடை மாட்டக்கூடாது என்று. புரூக்ஸ் பி17 தோல் சீட் 275 மில்லிமீட்டர் நீளம், அதன் பெண்கள் வகை 242. இன்றைக்குக் குட்டை மூக்கு சீட்டைப் பந்தயம் ஓட்டும் ஆண்களே போட்டுக்கொள்கிறார்கள். ஸ்பெஷலைஸ்டு நிறுவனத்தின் 'பவர்' சீட் 143, 155, 168 என்று அகலத்தை வைத்து வருகிறது. பெட்டியில் இந்த எண் இல்லாமல் 'லேடீஸ்' என்று மட்டும் போட்டிருந்தால், அது அளவு எழுதாத செருப்பு. ஊதா நிறமும் பூவும் அளவாகாது.

உங்கள் எண்ணை வீட்டிலேயே எடுக்கலாம். அட்டைப்பெட்டியிலிருந்து நெளி உள்ள அட்டையாகக் கிழித்துக்கொள்ளுங்கள். தட்டையான மர முக்காலியிலோ படிக்கட்டிலோ வைத்து, மெல்லிய துணியோடு மட்டும் உட்காருங்கள். காலுக்கடியில் ஒரு பலகையை வைத்து முழங்காலை இடுப்பைவிடச் சற்று உயர்த்துங்கள். முன்னால் சாய்ந்து, இரு கையாலும் முக்காலியைப் பிடித்து உடம்பைக் கீழே இழுத்து அரை நிமிடம் இருங்கள். எழுந்தால் இரண்டு பள்ளம் தெரியும். தெரியாவிட்டால் பென்சிலைப் படுக்கவைத்துத் தேயுங்கள், பள்ளம் வெள்ளையாக நிற்கும். ஒரு பள்ளத்தின் நடுவிலிருந்து மற்றதன் நடுவரை அளக்க வேண்டும், விளிம்பிலிருந்து விளிம்பு அல்ல. மூன்று தடவை எடுங்கள்.

வந்த எண்ணே சீட்டின் அகலம் ஆகாது. சீட்டின் ஓரம் வளைந்து இறங்குவதால் எழுதியிருக்கும் அகலம் முழுவதும் எலும்பைத் தாங்காது. ஹேண்டிலின் கீழ்வளைவைப் பிடித்து நன்றாகக் குனிபவருக்கு 10 முதல் 20 மில்லிமீட்டர் கூட்டுங்கள். நீங்கள் ஹேண்டிலை மேலே பிடித்து ஓட்டுபவர் என்றால் 20 முதல் 25. கூடை வைத்த சைக்கிளில் நிமிர்ந்து உட்கார்பவருக்கு 30, 40. அதாவது அட்டையில் 128 வந்தால் 143 உங்களுக்குப் போதாது, 155 பாருங்கள்.

இப்போது ஜெல். கடையில் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து "மெத்து மெத்துன்னு இருக்கு" என்று வாங்குகிறார்கள். விரலால் அமுக்கி சீட் வாங்குவது, மாம்பழக் கடையில் செய்கிற வேலை. மெத்தையில் எலும்பு புதையப் புதைய, நடுவில் இருக்கும் ஜெல் மேலே பிதுங்கி, ஏற்கெனவே மரக்கிற இடத்தையே அழுத்தும். பத்து நிமிடம் சுகம், நாற்பதாவது நிமிடம் நரகம். சீட்மேல் மாட்டும் ஜெல் உறை இன்னும் மோசம்: நகரும், வியர்வையைப் பிடித்து வைக்கும், உயரத்தையும் கூட்டிவிடும். சந்தைக்குப் போய் வரும் கால் மணி நேரத்துக்கு மெத்தை இருக்கட்டும், நீங்கள் கேட்டது அதைப் பற்றியல்ல.

மரத்துப்போகிறவருக்கு நடுவில் பள்ளமோ துளையோ உள்ள சீட் என்பதுதான் பொதுவான ஆலோசனை, உங்களுக்கும் அதுவே. ஆனால் இதில் ஒரு விலக்கு இருக்கிறது. கடையில் யாரும் சொல்வதில்லை, பெண்களும் கூச்சத்தில் கேட்பதில்லை. சில பெண்களுக்குப் பிறப்புறுப்பின் வெளி உதடுகளின் மென்சதை அந்தத் துளைக்குள் இறங்கி, துளையின் விளிம்பில் மாட்டிக்கொள்ளும். இரத்தம் திரும்பாமல் வீங்கும், அடுத்த நாள் உட்காரவே எரியும். நரம்புக்கு நல்லது செய்த துளை சதைக்குக் கெடுதல் செய்கிறது. இதை எப்படிப் பிரித்துப் பார்ப்பது? உங்கள் தொல்லை உணர்வே இல்லாமல் போவது மட்டும் என்றால் துளை உதவும். வீக்கமோ, ஒரு பக்கம் மட்டும் எரிச்சலோ, இரண்டு கோடுபோல் சிவப்போ இருந்தால் துளை வேண்டாம். விளிம்பு மழுங்கிய, அகலமான, ஆழமில்லாத பள்ளமாகப் பாருங்கள்; துளையை மெத்தென்ற நுரையால் நிரப்பிய வகைகளும் உண்டு. கடையில் விரலை அந்த விளிம்பில் ஓட்டுங்கள். கத்தி முனைபோல் தட்டினால் வைத்துவிட்டு வாருங்கள்.

குட்டை மூக்கு சீட் வாங்கினால் பொருத்தும்போது நின்று பாருங்கள். அவசரக்காரர்கள் புது மூக்கைப் பழைய மூக்கு இருந்த இடத்தில் வைத்து இறுக்கிவிடுவார்கள். ஒத்துப்போக வேண்டியது அகலமான பின்பகுதி. மூக்கு பழைய இடத்தைவிட இரண்டு, மூன்று செ.மீ. பின்னால்தான் நிற்கும். ஒவ்வொரு சீட்டின் தடிமனும் வேறு என்பதால் உயரத்தையும் மறுபடி அளங்கள்.

வாங்கும் இடத்தில் ஒன்றே ஒன்று கேளுங்கள்: "ரெண்டு வாரம் ஓட்டிப் பார்த்துட்டு மாத்திக்கலாமா?" சோதனைக்கென்று சீட் வைத்திருக்கும் கடை நல்ல கடை. "சுகாதாரம், திருப்பி எடுக்க மாட்டோம்" என்பவர் உங்கள் எலும்பை அளக்கவும் மாட்டார் என்றால், அங்கே காசைக் கொடுக்காதீர்கள். சட்டையைப் போட்டுப் பார்த்து வாங்கும் நாட்டில், மூன்று மணி நேரம் பாரம் தாங்கும் பொருளைக் கண்ணால் பார்த்து வாங்கச் சொல்கிறார்கள். 'ஃபிட்டிங்' என்று லேசரைக் காட்டிவிட்டு, முடிவில் தன் அலமாரியில் இருக்கும் ஒரே சீட்டைப் பரிந்துரைப்பவரிடமும் கவனம். இணையத்தில் அறுபது வெள்ளிக்கு வரும் பெரிய பிராண்டு 'கார்பன்' சீட் போலி. அடியிலுள்ள கம்பி குழியில் விழுந்த அதிர்ச்சியில் முறிந்தால் என்ன குத்தும் என்று எழுத வேண்டியதில்லை. சொன்ன அளவு ஒன்று, கொடுத்தது வேறு என்றால் ரசீதோடு மலேசியப் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் முறையிடலாம். கட்டணம் 5 வெள்ளி, வழக்கறிஞர் தேவையில்லை. 320 வெள்ளிக்காக யார் படிவம் நிரப்பி, நாள் குறித்து, விடுப்பு எடுத்துப் போய் நிற்கப் போகிறார்கள் என்ற தைரியத்தில்தான் பலர் வியாபாரமே நடத்துகிறார்கள். அதனால் பில்லில் 'லேடீஸ் சீட்' என்று எழுத விடாதீர்கள். மாடலும் அகலமும் எண்ணில் வரட்டும்.

திண்டு வைத்த சைக்கிள் கால்சட்டை போட்டால் உள்ளாடை வேண்டாம். அதன் தையல்தான் நம் ஊர் வியர்வையில் தோலை அறுக்கும். ஓட்டி முடித்ததும் அதோடு ரொட்டிச்சானாய் கடையில் ஒரு மணி நேரம் உட்காராதீர்கள்.

சீட்டும் உயரமும் சரியான பிறகும் உணர்வு திரும்ப அரை மணி நேரம் ஆனாலோ, சிறுநீரில் இரத்தமோ, அழுத்தினால் வலிக்கும் கட்டியோ இருந்தாலோ சைக்கிளை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். போனதும் முதலில் சைக்கிள் ஓட்டுவதைச் சொல்லுங்கள், எத்தனை கிலோமீட்டரில் மரக்கிறது என்பதையும். அவர்களாகக் கேட்க மாட்டார்கள். சிறுநீர்த் தொற்று என்று மாத்திரையைக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள்.