முதிர்வுக்கு முன் எஃப்.டி.யை உடைத்து ஓ.டி.யை அடைக்கலாமா?

கேள்வி: கரூரில் பெட்ஷீட் வியாபாரம் செய்கிறேன். என் பெயரில் வங்கியில் ரூ.7 லட்சம் ஓவர்டிராஃப்ட் (ஓ.டி. - வரம்புக்குள் வேண்டும்போது எடுத்துக் கட்டும் கடன்), வட்டி 11.5 சதவீதம், முழுவதும் எடுத்தாகிவிட்டது. அதே வங்கியில் என் பெயரிலும் மனைவி பெயரிலும் ‘இருவரில் ஒருவர் அல்லது உயிரோடிருப்பவர்’ முறையில் ரூ.6 லட்சம் எஃப்.டி. இருக்கிறது. மூன்று வருடத்துக்கு 7.1 சதவீதம், 16 மாதம் ஓடிவிட்டது. நான் மட்டும் கையெழுத்துப் போட்டு உடைக்க முடியுமா? மனைவிக்கு இதில் விருப்பமில்லை. வங்கியே இந்தப் பணத்தைக் கடனுக்கு எடுத்துக்கொள்ளுமா?

பதில்: ‘இருவரில் ஒருவர்’ என்று எழுதியிருப்பது முதிர்வு நாளில் பணம் வாங்கத்தான் உதவும். முதிர்வுக்கு முன்னால் உடைக்க இருவர் கையெழுத்தையும் வங்கி கேட்கும். கணக்கு தொடங்கிய படிவத்திலோ பிறகோ, ஒருவரே முன்கூட்டி எடுக்கலாம் என்று இருவரும் எழுதிக் கொடுத்திருந்தால் மட்டும் உங்கள் கையெழுத்து போதும். அந்தப் படிவத்தின் நகலைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். ரசீதின் பின்புறம் மனைவி கையெழுத்தை நீங்களே போட்டுவிடாதீர்கள். கடன் தகராறு குற்ற வழக்காகிவிடும்.

வங்கி தானாக எடுப்பது வேறு விஷயம். ஒப்பந்தச் சட்டம் 171-வது பிரிவு வங்கிக்குப் பொதுப் பற்றுரிமை, அதாவது பாக்கிக்காக வாடிக்கையாளரின் சொத்தைப் பிடித்து வைக்கும் உரிமை, தருகிறது. ஆனால் கடன் உங்கள் ஒருவருடையது, வைப்பு இருவருடையது. ஒருவர் கடனுக்கு இருவர் பணத்தை வங்கி சும்மா ஈடுகட்ட முடியாது. மனைவி ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தாலோ, எஃப்.டி.யின் மீது லீன் கடிதம் (கடனுக்குப் பிணையாக வைப்பை வங்கி பிடித்து வைக்கலாம் என்ற கடிதம்) கொடுத்திருந்தாலோ கதை மாறும். ஓ.டி. ஒப்புதல் கடிதத்தில் ‘பிணையம்’ என்ற இடத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

இனி கணக்கு. உடைத்தால் 7.1 கிடைக்காது. பணம் போட்ட தேதியில் 16 மாதத்துக்கு வங்கி அறிவித்திருந்த வட்டியிலிருந்து அபராதத்தைக் கழித்துத் தருவார்கள். அது 6.8, அபராதம் 1 சதவீதம் என்று வையுங்கள். கைக்கு வருவது 5.8. நஷ்டம் தனிவட்டியில் சுமார் ரூ.10,400. காலாண்டு வட்டி வாங்கிவந்திருந்தால் கூடுதலாகக் கொடுத்ததை அசலில் பிடிப்பார்கள். அதைப் பார்த்துப் பதற வேண்டாம். மறுபக்கம், ஓ.டி.க்கும் எஃப்.டி.க்கும் உள்ள 4.4 சதவீத வித்தியாசம் மீதி 20 மாதத்தில் ரூ.44,000 மிச்சப்படுத்தும். நிகர லாபம் ரூ.33,600. முதிர்வுக்கு மூன்று மாதமே இருந்தால் இதே கணக்கு நஷ்டத்தில் முடியும்.

மனைவிக்கு மனமில்லை என்பதால் இன்னொரு வழியையும் சொல்கிறேன். எஃப்.டி.யின் மீதே கடன் வாங்கலாம். பெரும்பாலும் 90 சதவீதம் வரை தருவார்கள்; வட்டி எஃப்.டி. வட்டியைவிட ஒன்றிரண்டு சதவீதம் கூடுதல். ரூ.5.4 லட்சத்தை 8.1 சதவீதத்தில் வாங்கி ஓ.டி.யில் கட்டினால் 20 மாதத்தில் ரூ.30,600 மிச்சம். உடைப்பதற்கும் இதற்கும் ரூ.3,000தான் வித்தியாசம், வைப்பும் அப்படியே இருக்கும். இதற்கும் இருவர் கையெழுத்தும் வேண்டும். ஆனால் சம்மதம் வாங்குவது எளிது. தீபாவளி வசூலில் கடனை அடைக்க முடியும் என்றால் என் ஓட்டு இதற்கே.

எந்த வழியானாலும் பலர் கோட்டைவிடுவது ஓ.டி. பக்கத்தில். ரூ.6 லட்சம் கட்டியதால் உங்கள் வரம்பு குறையாது. ரூ.7 லட்சம் வரம்பு அப்படியே திறந்திருக்கும்; ஆறு மாதத்தில் மறுபடி செக் போட்டு எடுத்துவிடுவீர்கள், எஃப்.டி.யும் போயிருக்கும். பணம் கட்டும் அன்றே வரம்பை ரூ.1 லட்சமாக (எஃப்.டி. மீது கடன் வாங்கி ரூ.5.4 லட்சம் கட்டியிருந்தால் ரூ.1.6 லட்சமாக) குறைக்கச் சொல்லிக் கடிதம் கொடுத்து, நகலில் வங்கி முத்திரையோடு ஒப்புகை வாங்குங்கள்.

முழுதாக மூடுவதென்றால் புதுப்பிக்கும் தேதிக்கு முன்பே ‘புதுப்பிக்க விருப்பமில்லை’ என்று எழுத்தில் கொடுங்கள். முன்கூட்டி முடிக்கும் கட்டணப் பிரச்சினை பெரும்பாலும் எழாது. அன்றைய தேதிவரை வட்டியோடு நிலுவைத் தொகையை எழுத்தில் கேட்டு வாங்கிக் கட்டி, மீதிச் செக்குகளை ஒப்படைத்து, கடன் இல்லாச் சான்று பெறுங்கள். வீட்டுப் பத்திரம் வைத்திருந்தால், கடன் முழுதும் தீர்ந்ததும் மூலப் பத்திரங்களைத் திருப்பி வாங்குங்கள். 30 நாளுக்குள் தர வேண்டும், வங்கியின் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு ரூ.5,000 இழப்பீடு என்ற ரிசர்வ் வங்கி உத்தரவு தனிநபர் கடன்களுக்கானது; உங்கள் வியாபார ஓ.டி.க்குப் பொருந்துமா என்று வங்கியிடம் எழுத்தில் கேளுங்கள். பத்திரம் கைக்கு வந்தாலும் வேலை முடியவில்லை: அடமானப் பதிவு செய்திருந்தால் சார்பதிவாளர் அலுவலகத்தில் ரத்து ரசீதைப் பதிவு செய்தால்தான் வில்லங்கச் சான்றில் கடன் தீர்ந்தது தெரியும்.