ஈரக்காற்றும் ரஞ்சகமும்: சிக்கிமுக்கித் துப்பாக்கி பற்றிக் கேள்வி பதில்

இங்கிலாந்தில் வேலை பார்த்த காலத்தில் பழந்துப்பாக்கி சுடும் மன்றம் ஒன்றில் பல ஆண்டுகள் இருந்தேன். இப்போது மலேசியாவில் சுங்கை சிப்புட்டுக்கே திரும்பிவிட்டேன். வெளிநாட்டில் இருக்கும் நம் ஊர்ப் பிள்ளைகளும் உள்ளூர் நண்பர்களும் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

ஐயா, ஈரமான நாளில் ரஞ்சகத்துக்கு எந்த வெடிமருந்து நல்லது? மிக நைசான 4எஃப் தானே? (மெல்பர்னில் படிக்கும் மாணவர்)

தம்பி, ரஞ்சகம் என்ற சொல்லைத் தேடிப் பிடித்ததற்கே உங்களைப் பாராட்ட வேண்டும். துப்பாக்கியின் பக்கத்தில் உள்ள கிண்ணியில் இடும் பற்றுமருந்துக்கு நம் பழைய பெயர் அது. சிக்கிமுக்கிக் கல் எஃகுத் தகட்டில் உரசிப் பொறி பறக்கும்; அது ரஞ்சகத்தைப் பற்றவைக்கும்; அந்த நெருப்பு பற்றுவாய் என்ற சிறு துளை வழியாகக் குழலுக்குள் இருக்கும் மருந்துக்குப் போகும். வெயில் நாளில் 4எஃப்தான் சிறந்தது. பொறி பட்டதும் பற்றிக்கொள்ளும். ஆனால் தூள் நைசாக நைசாக ஈரத்தையும் விரைவில் இழுக்கும். தூறல் நாளில் நான் குழலுக்கு இடும், சற்றுப் பருமணியான 3எஃப்பையே கிண்ணிக்கும் இடுவேன். பற்ற ஒரு கணம் கூடுதலாகும், ஆனால் பற்றும். பென்சில் கரி (கிராஃபைட்) பூசி மெருகேற்றிய மருந்து மணி கிடைத்தால் அதையே வாங்குங்கள்.

மருந்து டப்பாவில் உலர்ந்துதான் இருக்கிறது. முதல் மூன்று குண்டும் சரியாகப் போகின்றன. நான்காவதில் மருந்து சேறாகிவிடுகிறதே, ஏன்? (லண்டனிலிருந்து ஒருவர்)

இந்தக் கேள்வியைத்தான் எதிர்பார்த்தேன். குற்றம் புது மருந்தில் இல்லை, எரிந்து முடிந்த மருந்தில் இருக்கிறது. இந்தத் துப்பாக்கிக்கு இடும் பழைய வெடிமருந்தான கருமருந்தில் வெடியுப்பு 75 பங்கு, கரி 15, கந்தகம் 10. எரிந்தபின் பாதிக்கு மேல் புகையாகவும் கசடாகவும் திடப்பொருளாகவே நிற்கும். அதில் உள்ள பொட்டாசியம் கார்பனேட் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். சுட்ட கையோடு கிண்ணியைப் பாருங்கள்: சாம்பல் நிறத்தில் உலர்ந்த படலம். சற்று நேரம் கழித்துப் பாருங்கள்: அடைமழைக் காலத்தில் திறந்து வைத்த வெல்லம்போல் ஓரமெல்லாம் கசிந்து, கரிய குழம்பாகியிருக்கும். அதன்மேல் எவ்வளவு உயர்ந்த மருந்தைக் கொட்டினாலும் நனையத்தான் செய்யும்.

ஒவ்வொரு முறை சுட்டதும் கிண்ணியையும், கல் உரசும் எஃகுத் தகட்டின் முகத்தையும், கல்லின் விளிம்பையும் துணியால் துடையுங்கள். பொறி என்பது சீவப்பட்டு எரியும் எஃகுத் துகள். தகடு ஈரமாக இருந்தால் பொறி சோர்ந்துவிடும். கிண்ணியில் எண்ணெய்ப் பிசுக்கும் கூடாது. மருந்தின் தரத்தைப் பற்றி நூறு பேர் பேசுகிறார்கள். துடைக்கும் துணியைப் பற்றிப் பேச ஆளில்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம்.

கருமருந்துக்குப் பதிலாக விற்கும் மாற்று மருந்தை இடலாமா?

கிண்ணிக்கு வேண்டாம். அது பற்றக் கூடுதல் வெப்பம் வேண்டும். புகையில்லா நவீன மருந்தை இந்தத் துப்பாக்கியில் எங்குமே இடக்கூடாது, குழல் வெடித்துவிடும்.

மழையால் போரே தோற்றதுண்டா? (ஓர் ஆசிரியை, கோலகங்சார்)

உண்டு, டீச்சர். 1757 ஜூன் 23, பிளாசி. நடுப்பகல் மழையில் வங்காள நவாபின் மருந்து நனைந்தது. ஆங்கிலேயக் கம்பெனிப் படைத்தலைவர் கிளைவின் ஆட்கள் தங்கள் மருந்தைத் தார்ப்பாயால் மூடிக் காத்தார்கள். நவாபின் தோல்விக்குச் சதியும் காரணம் என்பதை வகுப்பில் சேர்த்துச் சொல்லுங்கள். 1813 ஆகஸ்டு 26, நெப்போலியனின் பிரெஞ்சுப் படையும் பிரஷ்ய, ரஷ்யப் படையும் மோதிய காட்ஸ்பாக் போரில் கொட்டும் மழையில் துப்பாக்கிகள் பற்றாமல், துப்பாக்கிமுனை ஈட்டியாலேயே குத்திக்கொண்டார்கள்.

இங்கேயே ஒன்று வாங்கிப் பழகலாமா?

மலேசியாவின் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தொடக்கூடாது. மருந்தை வீட்டில் செய்து பார்க்கும் எண்ணமும் வேண்டாம்.

மழை வந்தால் ரப்பர்ப் பால் பிடிக்கும் மங்குக் கிண்ணத்தைக் கவிழ்த்து வைப்போமே, அதுபோல இதற்கும் வழி உண்டா? (பால்வெட்டிய ஓர் அக்கா)

உண்டு அக்கா, அதே யோசனைதான். விசைப்பகுதியின் மேல் எண்ணெய் ஊறிய தோலுறையைக் கட்டுவார்கள். கிண்ணி விளிம்பில் தேன்மெழுகைத் தடவினால் மூடி இறுக்கமாக உட்காரும். சுடும் வரிசை வரும்வரை பற்றுவாயில் இறகுத் தண்டைச் செருகி, கிண்ணியை வெறுமையாக வைத்திருப்பேன். முறை வந்ததும் தண்டை உருவிவிட்டு, பற்றுவாயை மூடாத அளவுக்குக் கொஞ்சமாக ரஞ்சகம் இடுவேன். அப்படியும் பற்றாவிட்டால் குழலை இலக்கை நோக்கியே பிடித்தபடி ஒரு நிமிடமாவது அசையாமல் நிற்பேன். உள்ளே கனிந்துகொண்டிருந்து தாமதமாக வெடிப்பதுண்டு.