‘வெல்’ என்று தொடங்கும் பதில்

மதிப்பிற்குரிய ஐயா,

கானாடுகாத்தானில் பழைய வீடுகளைப் பார்க்க வரும் வெளிநாட்டவர்களுக்கு வழிகாட்டியாக இருக்கிறேன். ஆங்கில இலக்கணம் ஓரளவு தெரியும். ஆனால் அவர்கள் பேச்சில் வரும் ‘வெல்’, ‘ஆக்சுவலி’, ‘எனிவே’ எல்லாம் எதற்கென்று பிடிபடவில்லை. ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறைக்குப் போகலாமா என்று ஒருவரைக் கேட்டேன். ‘வெல், இட் சவுண்ட்ஸ் இன்ட்ரஸ்டிங்’ என்றார். நான் வண்டிக்குச் சொல்லிவிட்டேன், அவர் வரவில்லை. இந்தச் சொற்களை எப்படிப் படிப்பது?

வாசகர், காரைக்குடி

அன்புள்ள நண்பருக்கு,

அவருடைய தயக்கம் முதல் சொல்லிலேயே இருந்தது. உடன்பாடான பதில் ஆங்கிலத்தில் பெரும்பாலும் தாமதமின்றி வந்துவிடும். மறுப்போ, தயக்கமோ, கேட்டவர் எதிர்பாராத ஒன்றோ வரவிருக்கும்போதுதான் ‘வெல்’ முன்னால் வந்து நிற்கும். கல்யாணத்துக்கு வருவீர்களா என்று கேட்டு, எதிரில் இருப்பவர் ‘அது வந்து...’ என்று இழுத்தால் நமக்கு மிச்சம் புரிந்துவிடுகிறதல்லவா, அதே வேலைதான்.

பேச்சின் போக்கைக் காட்டும் இத்தகைய சொற்களை மொழியியலார் கருத்தாடல் குறிப்பான்கள் என்பர். மொழியியலாளர் டெபோரா ஷிஃப்ரின் 1987இல் வெளியிட்ட நூலில் ‘ஓ’, ‘வெல்’, ‘ஸோ’, ‘யூ நோ’ உள்ளிட்ட 11 குறிப்பான்களை மக்களின் இயல்பான பேச்சிலிருந்தே எடுத்து ஆராய்ந்தார். இவற்றை நீக்கினாலும் செய்தி பெரிதாகக் குறையாது. பேசுபவர் எந்தப் பக்கம் திரும்புகிறார் என்பதுதான் தெரியாமல் போகும். அதனால் அகராதியைப் புரட்டுவதில் பயன் குறைவு.

‘ஆக்சுவலி’யில் கூடுதல் கவனம் தேவை. நாம் அதைப் பேச்சைத் தொடங்கும் வெறும் சொல்லாக ஆக்கிவிட்டோம். அவர்கள் காதிலோ அது பல வேளைகளில் ‘நீங்கள் நினைத்தது வேறு, உண்மை வேறு’ என்று ஒலிக்கும். யாரும் எதுவும் கேட்காதபோது ‘ஆக்சுவலி, இந்தத் தூண்கள் பர்மா தேக்கு’ என்று நீங்கள் தொடங்கினால், விருந்தினர் தாம் சொல்லாத தவற்றை நீங்கள் திருத்துவதாக எண்ணக்கூடும். ‘எனிவே’ கிளைப்பேச்சிலிருந்து மீள்வதற்கும் பேச்சை முடித்துக்கொள்வதற்கும் வருவது. நீங்கள் விளக்கிக்கொண்டிருக்கும்போது விருந்தினர் அதைச் சொன்னால் வீட்டின் அடுத்த கட்டுக்கு நகர்ந்துவிடுங்கள். ‘மோரோவர்’, ‘ஃபர்தர்மோர்’ எழுத்துக்கு உரியவை, பேச்சில் விறைப்பாக இருக்கும்.

படிக்கும் வழி ஒன்றைச் சொல்கிறேன். பதிவு செய்யப்பட்ட நேர்காணல் ஒன்றை எடுத்து, ஒரே ஒரு குறிப்பானை மட்டும் பின்தொடருங்கள். ‘வெல்’ காதில் விழுந்ததும் பதிவை நிறுத்தி, அடுத்து என்ன வரும் என்று ஊகித்துவிட்டுக் கேளுங்கள்; குரல் நீள்கிறதா, சட்டென்று முடிகிறதா என்பதையும் கவனியுங்கள். காது பழகியபின் பேச்சில் கலக்கலாம். ‘யூ நோ’வை மட்டும் கடைசிக்கு ஒதுக்குங்கள், அது அடிக்கடி வந்தால் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களே முகம் சுளிப்பதுண்டு.