பின்சுவரை விட்டுவைக்கலாமா?

கேள்வி: என் மகன் ஆசையாக வாங்கிய காமிராவில் ஒரு மனித முகம்கூட இல்லை. துரு, விரிசல், காரை பெயர்ந்த சுவர்! கேட்டால் ஆப்ஸ்ட்ராக்ட் போட்டோகிராபி என்கிறான். பொங்கலுக்கு வெள்ளையடிக்கலாம் என்றால் பின்சுவரைத் தொடாதே என்கிறான். இதில் என்ன அழகு?
– ஒரு வாசகி, கடலூர் முதுநகர்

பதில்: புதுச்சேரிக்குப் போய் மஞ்சள் சுவரையும் காகிதப்பூவையும் ஆயிரத்தோராவது ஆளாக எடுத்து வந்திருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது, இல்லையா?

துறைமுகம் உங்களுக்கு நடக்கிற தூரம்தான். கரையேற்றிச் சுரண்டிப் போட்டிருக்கும் மரப்படகு ஒன்றின் பக்கத்தில் போய் நில்லுங்கள். மேலே நீலம், சுரண்டிய இடத்தில் பச்சை, அதற்கும் அடியில் காவி. ஆணித்தலையிலிருந்து துரு வழிந்து இறங்கியிருக்கும். ஒரு முழம் தூரத்துக்கு நெருங்கினால் படகு காணாமல் போய்விடும். மாடியிலிருந்து பார்க்கிற வயல்வெளி மாதிரி ஏதோ ஒன்று மிஞ்சும். பையன் எடுப்பது அதை; ஆப்ஸ்ட்ராக்ட் என்பதும் அதுதான். வானத்தையும் படகின் பெயரையும் அவன் வேண்டுமென்றேதான் வெட்டுகிறான். அவை இருந்தால் ‘படகு’ என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவோமே!

ஆரன் சிஸ்கிண்ட் என்று ஓர் அமெரிக்கர், பள்ளிக்கூடத்தில் ஆங்கில வாத்தியார். 1930களில் ஹார்லெம் மக்களின் வாழ்க்கையைப் படமெடுத்தவர், 1940களில் உரிந்த பெயின்ட், கிழிந்த போஸ்டர் என்று திரும்பிவிட்டார். பிரான்ஸ் கிளைன் போன்ற ஆப்ஸ்ட்ராக்ட் ஓவியர்கள் அவருக்கு நெருங்கிய கூட்டாளிகள். ஆக, உங்கள் வீட்டுப் பைத்தியம் புதிதல்ல.

பையனுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பாழானதெல்லாம் படமாகிவிடாது. நூறு எடுத்தால் தொண்ணூற்றேழை அழிக்கிறானா? இல்லையென்றால் அது சேதாரக் கணக்கு. இன்ஷூரன்ஸ் ஆள்கூட எடுப்பார்.

சரி, சுவர். நம் கடலோர வீடுகளில் ஓதம், அதாவது தரையின் ஈரம், உப்பையும் சுமந்துகொண்டு சுவரில் மேலே ஏறும். ஈரம் காய்ந்ததும் உப்பு படிகமாகி, உள்ளேயிருந்து வண்ணத்தைத் தள்ளும். நீங்கள் அசிங்கம் என்பது அந்தப் பொருக்கைத்தான். மார்கழியில் சூரியன் கொஞ்சம் தெற்கே தள்ளி உதிக்கும். உங்கள் பின்சுவர் தெற்குப் பார்த்ததென்றால் காலை ஏழு மணி வெயில் அதைத் தடவிக்கொண்டு போகும், ஒவ்வொரு பொருக்குக்கும் ஒரு நிழல் விழும். போகிக்குள் எடுத்து முடிக்கச் சொல்லுங்கள். அப்புறம் சுண்ணாம்பே அடியுங்கள். எமல்ஷன் பூசினால் உள்ளே மாட்டிக்கொண்ட ஈரம் அடுத்த மழைக்குள் அதைக் கொப்புளமாக்கிவிடும், பையனும் காமிராவோடு வந்து நின்றுவிடுவான்.