டென்மார்க்கின் ஒற்றுமை – கடிதம்

வணக்கம் சார்,

நான் உடுமலைப்பேட்டைக்காரன். மொட்டை மாடியில் நின்றால் கண்ணுக்கு எட்டிய தூரம்வரை காற்றாலைகள்தான். சமீபத்தில் டென்மார்க் பற்றி ஒரு காணொளி பார்த்தேன். அறுபது லட்சம் பேர் உள்ள நாடு. மின்சாரத்தில் பாதிக்கு மேல் காற்றிலிருந்து எடுக்கிறார்களாம். அடுத்து, மாடும் பன்றியும் வெளியிடும் வாயுவுக்கு வரி போடப் போகிறார்களாம். ஒரு சிறிய நாடு ஒன்றுகூடிக் காலநிலை மாற்றத்தை எதிர்கொள்கிறது என்று முடித்திருந்தார்கள். நண்பர்களிடம் சொன்னேன். "அவங்க படிச்சவங்க, ஒழுக்கமானவங்க, சின்ன நாடு. நம்ம ஆளுங்ககிட்ட நடக்குமா?" என்றார்கள். எனக்கும் அப்படித்தான் படுகிறது. ஒற்றுமை ஒரு சமூகத்தின் ரத்தத்திலேயே இருக்க வேண்டிய ஒன்றா? இன்னொரு கேள்வி: அந்த மாட்டு வரி நிஜமா, வெறும் அறிவிப்பா?

ஆர்.கே.

அன்புள்ள ஆர்.கே.,

சின்ன நாடு என்பதை ஒத்துக்கொள்கிறேன். மற்ற இரண்டையும் ஒத்துக்கொள்வது கஷ்டம். டென்மார்க்கின் எரிசக்தி வரலாறு ஒரு நீண்ட சண்டையின் வரலாறு. காணொளிகளில் சண்டையை வெட்டிவிட்டு முடிவை மட்டும் காட்டுவதால், பார்க்கிற நமக்கு ஏதோ பிறவிக்குணம் போலத் தெரிகிறது.

1973-இல் எண்ணெய் நெருக்கடி வந்தபோது, அந்த நாடு தன் எரிசக்தித் தேவையில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் இறக்குமதி எண்ணெயை நம்பியிருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டத் தடை போடும் அளவுக்கு நிலைமை போனது. அரசும் மின் நிறுவனங்களும் கண்ட தீர்வு அணுமின் நிலையங்கள். எதிர்ப்பாளர்கள் 1974-இல் ஓர் அமைப்பு தொடங்கினார்கள். "அணுசக்தியா? வேண்டாம், நன்றி" என்ற வாசகத்தோடு சிரிக்கும் சூரியன் படம் பார்த்திருப்பீர்களே, அது அங்கே பிறந்ததுதான். பத்து வருடத்துக்கு மேல் இழுபறி. 1985-இல் நாடாளுமன்றம் அணுமின் திட்டத்தைக் கைவிட்டது. இதையா ஒற்றுமை என்கிறோம்?

ஆனால் எதிர்த்தவர்கள் வேண்டாம் என்று சொன்னதோடு வீட்டுக்குப் போய்விடவில்லை. உல்ஃபோர்க் என்ற ஊருக்குப் பக்கத்தில், துவின்ட் பள்ளி ஆசிரியர்களும் தன்னார்வலர்களும் சேர்ந்து 2 மெகாவாட் காற்றாலை ஒன்றைக் கட்டி 1978-இல் ஓடவிட்டார்கள். அந்தக் காலத்தில் உலகிலேயே பெரியது அதுதான். வேறு சிலர் கொட்டகைகளிலும் பட்டறைகளிலும் சின்னச் சின்னதாகச் செய்தார்கள். விவசாயக் கருவிகள் செய்துகொண்டிருந்த வெஸ்டாஸ் நிறுவனம் இந்தத் தொழிலுக்கு வந்ததும் அதே சமயத்தில்தான்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கிறேன், உங்கள் கேள்விக்கான பதில் இங்கேதான் இருக்கிறது. ஒரு காற்றாலையைத் தனி ஆளாக வாங்குவது பெரும்பாலானோருக்குக் கட்டுப்படியாகாது. அதனால் அக்கம்பக்கத்தார் சேர்ந்து வாங்கினார்கள். ஆண்டுக்கு 1,000 யூனிட் உற்பத்திக்கு ஒரு பங்கு என்பது பொதுவான கணக்கு. பங்கு வாங்குகிறவர் அந்த வட்டாரத்திலேயே குடியிருக்க வேண்டும், இத்தனை பங்குக்கு மேல் கூடாது என்றும் விதிகள் இருந்தன. வெளியூர் பணக்காரர் வந்து மொத்தத்தையும் அள்ளிப் போக முடியாது. 1979 முதல் பத்து வருடம் அரசு மானியம் கொடுத்தது, ஆரம்பத்தில் விலையில் 30 சதவீதம். 2001 வாக்கில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் இந்தக் கூட்டுறவுகளில் இருந்தன.

உரிமையாளர்கள் 1978-இல் ஒரு சங்கம் வைத்து, எந்த இயந்திரம் எவ்வளவு மின்சாரம் கொடுத்தது, எது பழுதானது என்பதை மாதாமாதம் அச்சிட்டு வெளியிட்டார்கள். மோசமான இயந்திரம் செய்தவர் ஒளிய இடமில்லை. டென்மார்க் காற்றாலைகள் உலகம் முழுக்கப் பேர் வாங்கியதற்குப் பொறியாளர்களின் மூளை எவ்வளவு காரணமோ, இந்தப் புள்ளிவிவரத் தாளும் அவ்வளவு காரணம் என்பது என் எண்ணம்.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது? பால் பண்ணையிலிருந்து. 1870-களில் அமெரிக்கத் தானியம் வந்து குவிந்து விலை விழுந்தபோது, டேனிஷ் விவசாயிகள் தானியத்தை விட்டு மாட்டுக்கு மாறினார்கள். 1882-இல் யெடிங் என்ற கிராமத்தில் முதல் கூட்டுறவுப் பால் பண்ணை. அதில் ஒரு விதி: ஓட்டு ஆளுக்கு ஒன்று, மாட்டுக்கு ஒன்று அல்ல. ஐம்பது மாடு வைத்திருப்பவருக்கும் ஒரு ஓட்டு, மூன்று மாடு வைத்திருப்பவருக்கும் ஒரு ஓட்டு. காற்றாலை சங்கங்களுக்கு இதைப் புதிதாகக் கண்டுபிடிக்கும் வேலை இருக்கவில்லை. அவர்கள் தாத்தா காலத்துச் சங்கதி அது.

உங்கள் நண்பர்கள் "படிச்சவங்க" என்றார்கள் அல்லவா? அங்கே கிராமத்து இளைஞர்களுக்குத் தேர்வும் பட்டமும் இல்லாத நாட்டுப்புற உயர்பள்ளிகள் இருந்தன. அஸ்கோவ் ஊரில் அப்படி ஒன்று. அங்கே பாடம் நடத்திய பவுல் லா கூர் 1891-இல் தொடங்கி, காற்றாலையில் மின்சாரம் எடுத்து, அதை வைத்து ஹைட்ரஜன் தயாரித்து, பள்ளிக்கு விளக்கு எரித்தார். கலவை பிசகி ஜன்னல்கள் சிதறியதும் உண்டு என்பார்கள். இன்று 'பசுமை ஹைட்ரஜன்' என்று மாநாடு மாநாடாகப் பேசுவது அன்றே ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் நடந்திருக்கிறது.

சரி, கிட்டத்தட்ட நாலாயிரம் பேர் வாழும் சாம்சோ தீவுக்கு வருவோம். 1997-இல் அரசு நடத்திய போட்டியில், புதுப்பிக்கத்தக்க எரிசக்திக்கு முழுவதுமாக மாறிக் காட்ட வேண்டிய தீவாக அது தேர்வானது. சோரன் ஹெர்மன்சன் என்ற உள்ளூர் ஆசிரியர் கூட்டம் கூட்டமாக உட்கார்ந்து பேசினார். விவசாயிகளுக்குப் பூமியைக் காப்பது பற்றிப் பிரசங்கம் செய்தால் எழுந்து போய்விடுவார்கள் என்று அவருக்குத் தெரியும். வேலை வாய்ப்பு, வெப்பச் செலவு, பங்குக்கு என்ன கிடைக்கும், இவைதான் பேச்சு. தரையில் 11, கடலில் 10 காற்றாலைகள் வந்தன. கடலில் உள்ளவற்றில் பாதி உள்ளாட்சிக்குச் சொந்தம். வீடுகளைச் சூடாக்க, வைக்கோல் எரித்து ஊருக்குப் பொதுவாக வெந்நீர் அனுப்பும் நிலையங்கள். காரும் டிராக்டரும் எண்ணெயில்தான் ஓடின. அதை ஈடுகட்டுகிற அளவுக்கு மின்சாரத்தைக் கடலடிக் கம்பி வழியாக வெளியே அனுப்பினார்கள். கணக்கு நேர்மையானது, ஆனால் "எண்ணெயே இல்லாத தீவு" என்று எழுதுகிறவர்கள் மிகைப்படுத்துகிறார்கள்.

கோபன்ஹேகன் கடற்கரைக்கு எதிரே உள்ள மிடல்குருண்டன் இன்னும் சுவாரசியம். முதலில் மூன்று வரிசையில் 27 காற்றாலைகள் என்று திட்டம். கடலின் தோற்றம் கெட்டுவிடும் என்று எதிர்ப்பு வந்தது. கருத்துக் கேட்டு, 20 காற்றாலைகள், ஒரே வளைவு என்று மாற்றினார்கள். 2000-இல் ஓடத் தொடங்கியது. அதில் பாதி, அதாவது பத்து காற்றாலைகள், மாநகர மின் நிறுவனத்துக்கு. மற்ற பாதி, எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் உள்ள கூட்டுறவுக்கு. ஏழு காற்றாலைகளை விட்டுக்கொடுத்துப் பல ஆயிரம் பங்குதாரர்களைச் சம்பாதித்திருக்கிறார்கள். எனக்கு இது நல்ல பேரமாகத் தெரிகிறது.

இப்போது மறுபக்கம். காற்றாலைகள் ராட்சத அளவுக்கு வளர்ந்தன, பெரிய நிறுவனங்கள் வந்தன, பங்கு அக்கம்பக்கத்தார் கையை விட்டுப் போனது. உடனே அதே 'ஒழுக்கமான' டேனிஷ்காரர்கள் சத்தம், நிழல், வீட்டு விலை என்று எதிர்ப்புச் சங்கம் தொடங்கினார்கள். புதுத் திட்டங்களில் 20 சதவீதப் பங்கை உள்ளூர்க்காரர்களுக்கு விற்க முன்வர வேண்டும் என்று 2009 முதல் சட்டம் சொன்னது, பிறகு அதையும் எடுத்துவிட்டார்கள். அண்மைக் காலமாக, சூரிய மின்பலகைகள் பரப்பிய நிலத்தை 'இரும்பு வயல்' என்று கேலி செய்து அங்கே ஓட்டுக் கேட்கிறார்கள். வட கடலில் பெரிய காற்றாலைப் பூங்காக்களுக்கு அரசு விட்ட டெண்டரின் கெடு 2024 டிசம்பரில் முடிந்தபோது, ஒரு நிறுவனம்கூட விண்ணப்பித்திருக்கவில்லை. மக்கள் அதே மக்கள்தான். பங்கு இருந்தபோது சேர்ந்து நின்றார்கள், பார்வையாளர்களாக ஆனதும் எதிரே நின்றார்கள்.

உங்கள் ஊருக்கு வருகிறேன். தமிழ்நாட்டில் ஆரம்ப காலக் காற்றாலைகளில் டேனிஷ் தொழில்நுட்பம் கணிசம். இயந்திரம் வந்தது, பங்கு முறை வரவில்லை. இங்கே காற்றாலை வாங்கியதில் பெரும்பகுதி நூற்பாலைகளும் நிறுவனங்களும். தேய்மானக் கணக்கில் வருமான வரியைக் குறைக்கலாம் என்பது பெரிய ஈர்ப்பு. காற்றாலைக்கு அடியில் ஆடு மேய்க்கிறவருக்கு அதில் ஒரு யூனிட்கூடச் சொந்தமில்லை. "நம்ம ஆளுங்ககிட்ட நடக்குமா" என்று முடிவு கட்டுவதற்கு முன்னால், நம் ஆட்களிடம் யாராவது பங்கு கேட்டுப் போனார்களா என்று உங்கள் நண்பர்களிடம் கேளுங்கள். பாலில் கேட்டுப் போனார்கள், கிராமத்துக்குக் கிராமம் பால் சங்கம் வந்ததே.

அப்புறம் அந்த மாட்டு வரி. நிஜம்தான், ஆனால் இன்னும் அமலுக்கு வரவில்லை. 2030 முதல் டன் கரியமில வாயுவுக்கு இணையான வெளியேற்றத்துக்கு 300 க்ரோன் (டென்மார்க் நாணயம்), 2035-இல் 750. அதில் 60 சதவீதத் தள்ளுபடி உண்டு. ஆக, விவசாயி உண்மையில் கட்டுவது 120, பிறகு 300. இதை அரசு தனியாக உட்கார்ந்து தீர்மானிக்கவில்லை. விவசாயிகளின் அமைப்பு, இயற்கைப் பாதுகாப்புச் சங்கம், தொழிற்சங்கம், தொழில்துறை, உள்ளாட்சிகள் எல்லாரும் ஒரே மேசையில் மாதக்கணக்கில் பேசி, 2024 ஜூனில் கையெழுத்துப் போட்டார்கள். நவம்பரில் நாடாளுமன்றக் கட்சிகளில் பெரும்பான்மை இசைந்தது. கூடவே 2,50,000 ஹெக்டேர் புதுக் காடு வளர்க்கவும், வடிகட்டி உழுத சதுப்பு நிலங்களில் 1,40,000 ஹெக்டேருக்கு மறுபடி நீர் தேங்க விடவும் திட்டம். உரத்திலுள்ள நைட்ரஜன் வழிந்து அவர்களுடைய கடற்கழிகளில் மீன் மூச்சுத் திணறுகிறது, அந்தக் கோபமும் இதில் சேர்ந்திருக்கிறது. நாட்டின் நிலத்தில் ஏறத்தாழ 60 சதவீதம் விவசாயம் நடக்கும் இடத்தில் இது சின்ன விஷயமில்லை. அதே ஜூனில் நியூசிலாந்து அரசு, விவசாய வெளியேற்றத்துக்கு விலை வைக்கும் திட்டத்தைக் கைவிட்டது.

வரி போதாது என்கிறார்கள் சூழலியலாளர்கள். தள்ளுபடியைப் பார்த்தால் அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. விவசாயிகளில் ஒரு பகுதியினர் இன்றும் கொதிப்பில் இருக்கிறார்கள். 2030 வருவதற்குள் தேர்தல் வரும், ஆட்சி மாறலாம், விகிதத்தைக் குறைக்கலாம். நிலத்தைக் காடாக்கும் பகுதி நிற்கும், வரி கொஞ்சம் தேயும் என்பது என் ஊகம். எந்த வயலில் தண்ணீர் தேங்க வேண்டும், எந்த மேட்டில் மரம் நட வேண்டும் என்று முடிவெடுக்க வட்டாரத்துக்கு ஒன்றாக, விவசாயிகளும் உட்கார்ந்த இருபத்துச் சொச்சம் உள்ளூர்க் குழுக்கள் வரைபடங்களை வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்கிவிட்டன.