அரண்டேலா, ஷ்ரூஸ்பரியா: யார் முதல் ஏர்ல்?

"அரண்டேல் பட்டம் 1138 வாக்கில், ஷ்ரூஸ்பரி 1442இல். பிறகு ஏன் ஷ்ரூஸ்பரியை இங்கிலாந்தின் முதல் ஏர்ல் என்கிறார்கள்?" என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் ஆண்டுக் கணக்கு சரிதான். ஏர்ல் என்பது பிரிட்டிஷ் பிரபுப் பட்டங்களில் ஒரு படிநிலை; டியூக் அதைவிட உயர்ந்தது. இங்கிலாந்து மன்னர் முதலாம் ஹென்றியின் விதவை அடெலிசாவிடம் அரண்டேல் கோட்டை இருந்தது; அவரை மணந்த வில்லியம் டி ஆபினிக்கு அதன் வழியாகவே அரண்டேல் ஏர்ல் பட்டம் வந்தது. அப்புறம் அது ஃபிட்ஸ்ஆலன் குடும்பத்திடம் இருந்தது. 16ஆம் நூற்றாண்டில் மேரி ஃபிட்ஸ்ஆலன் நார்ஃபோக் டியூக்கை மணக்க, அவர்கள் மகன் மூலம் பட்டம் டியூக்கின் ஹாவர்டு குடும்பத்துக்குப் போனது. சிக்கலே அங்கேதான். இப்போது நார்ஃபோக் டியூக், அரண்டேல் ஏர்ல் என்ற இரண்டு பட்டமும் ஒரே ஆளிடம். அவர் டியூக் வரிசையில்தான் நிற்பார். அதனால் உயர்ந்த பட்டம் எதுவும் இல்லாத இங்கிலாந்து ஏர்ல்களில் பழையவர் ஷ்ரூஸ்பரி. ஆண்டைப் பார்த்து முந்தியவர் யார் என்பதெல்லாம் ஒரே படிநிலைக்குள் மட்டும்தான். அரண்டேல் ஏர்ல் என்ற பெயரை நார்ஃபோக் டியூக்கின் வாரிசு மரியாதைக்காக வைத்துக்கொள்கிறார், அதுதான் பலரையும் குழப்புகிறது.