இ-பாஸும் பாலைத்திணையும்

அன்புள்ள ஐயா,

2020 ஊரடங்கின்போது நான் திண்டுக்கல்லில் அம்மா வீட்டில் மாட்டிக்கொண்டேன். என் காதலர் சென்னை திருவல்லிக்கேணியில் ஒரு மேன்ஷனில். அந்த மாதங்களில் எழுதிய அறுபது கவிதைகளைத் தொகுப்பாக்கலாம் என்று தோழிகள் சொல்கிறார்கள். காதல், பயணம், அன்றைய அன்றாடம், இவ்வளவுதான் அதில். பிறகு அவரையே கல்யாணம் செய்துகொண்டேன். "இனிமேல் கொரோனாவை யார் படிப்பார்கள்?" என்று கேட்பவரும் அவரேதான்.

எனக்கு வேறொரு கூச்சமும் உண்டு. அத்தனை தொழிலாளர்கள் ஊர் திரும்ப நெடுஞ்சாலையில் நடந்துகொண்டிருந்தபோது, மாடியறையில் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து பயணக் கவிதை எழுதியவள் நான். அதைப் பயணம் என்று சொல்லலாமா? கவிதைகளை இணைத்திருக்கிறேன். முன்னுரை ஒன்று தந்தால் மகிழ்வேன்.

ஆர்.
திண்டுக்கல்

*

அன்புள்ள ஆர்.,

அறுபதையும் வாசித்தேன். முதலில் உங்கள் கணவரின் கேள்வி. 1918 இன்ஃப்ளுயன்சாவில் மனைவியையும் குடும்பத்தில் பலரையும் பறிகொடுத்தவர் இந்திக் கவிஞர் நிராலா. கங்கையில் பிணங்கள் நிறைந்து கிடந்ததை அவர் சொல்லும் 'குல்லி பாட்' நூல் 1939-ல்தான் வெளிவந்தது. அந்தக் கணக்கில் நீங்கள் அவசரப்படுகிறீர்கள் என்றுகூடச் சொல்லலாம்.

கூச்சத்துக்கு வருவோம். சங்க இலக்கியத் தொகுப்பான அகநானூற்றின் 400 பாடல்களில் ஒற்றைப்படை எண் கொண்ட 200 பாடல்களும் பாலை, அதாவது வறண்ட வழியில் பிரிவைப் பாடும் திணை. தொகுத்தவர் வேறெந்தத் திணைக்கும் அவ்வளவு இடம் கொடுக்கவில்லை. காதலையும் பயணத்தையும் தனித்தனியாகப் பார்க்கத் தெரியாத திணை அது. அதில் வழியைச் சொல்வது யார் என்று கவனியுங்கள். பல பாடல்களில் வீட்டிலிருக்கும் தலைவியோ தோழியோதான். குறுந்தொகை 37-ல், பிடியின் பசியைப் போக்க ஆண்யானை யா மரத்தை உரிக்கும் வழியைப் பற்றிப் பேசுபவள் தோழி. அந்தக் காட்டில் நடப்பவள் அவள் இல்லை. போனவர் அதைப் பார்ப்பார், பார்த்தால் உன் நினைவு வரும் என்று தலைவியைத் தேற்றுகிறாள். ஃபேனுக்காக நீங்கள் வெட்கப்பட வேண்டியதில்லை.

ஆனால் 2020-ல் ஒன்று தலைகீழானது. பொருள் தேடிப் பிரிந்து போகும் வழிதான் பழைய பாலை. திரும்பும் தலைவன், காத்திருப்பைப் பாடும் முல்லைத் திணைக்குள் வந்துவிடுவான். மழை பெய்திருக்கும், தேர் இருக்கும், இன்னும் விரைவாக ஓட்டச் சொல்லிப் பாகனை நச்சரிப்பான். மார்ச் 24 இரவு எட்டு மணிக்கு அறிவித்து நள்ளிரவோடு நாட்டை மூடியபின், கூலி நின்றுபோனவர்களுக்கு ஊர் திரும்பும் வழியே பாலையாகிவிட்டது. உங்கள் தொகுப்பில் இதைத் தொடுவது ஒரே கவிதை. அதுவும் தேறவில்லை. மே 8 அதிகாலை மகாராஷ்டிரத்தின் அவுரங்காபாத் அருகே தண்டவாளத்தில் தூங்கிய தொழிலாளர்கள் 16 பேர் மீது சரக்கு ரயில் ஏறியதைப் பற்றியது. சிதறிய ரொட்டி, கண்ணீர், 'தலைகுனி தேசமே'. அந்த ரொட்டிப் படத்தை நாடே பார்த்தது, நாடே கவிதையும் எழுதியது. அவர்கள் ஜால்னாவிலிருந்து கிளம்பியது புசாவலில் ரயில் பிடிக்க. தண்டவாளத்தில் படுத்தது ரயில் ஓடாது என்ற நம்பிக்கையில். ரயிலைத் தேடி நடந்தவர்கள் ரயில் வராது என்று தூங்கியிருக்கிறார்கள். இந்தக் கொடுமை உங்கள் கவிதையில் எங்கே? கூச்சத்துக்குப் பரிகாரமாக எழுதியது போலிருக்கிறது. எடுத்துவிடுங்கள்.

தொகுப்பின் ஆகச்சிறந்த வரிகள், ஊரடங்கில் மாவட்டம் தாண்ட இணையத்தில் வாங்க வேண்டியிருந்த அனுமதியான இ-பாஸ் பற்றியவை:

காரணம் மூன்று தருகிறது படிவம்
திருமணம் மரணம் மருத்துவம்
ஒன்றைத்தான் தேர முடியும்
உன்னைப் பார்க்க
நம்மில் யார் சாகலாம், சொல்

இ-பாஸுக்கு விண்ணப்பித்தவர்களுக்கு அந்தப் பட்டியல் மறந்திருக்காது. காதலிக்கும் இருவர் அதற்குள் நுழைய வேண்டுமென்றால் மணமக்களாகவோ நோயாளியாகவோ பிணமாகவோ ஆக வேண்டும். குரலை உயர்த்தாமல், ஒரு கிளார்க்கிடம் விவரம் கேட்பதுபோல் கேட்டிருக்கிறீர்கள். அதற்குப் பிறகு எதற்கு இன்னும் நான்கு வரி? காதலுக்கும் எல்லை இல்லை, கிருமிக்கும் எல்லை இல்லை என்றெல்லாம் விளக்கம் வேறு. அடித்துவிடுங்கள்.

கபசுரக் குடிநீர் கவிதையும் பிடித்தது. அம்மா கதவிடுக்கில் டம்ளரை நீட்ட, போனில் "ஒரு நிமிஷம்" என்று சொல்லிவிட்டு மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிக்கிறீர்கள். அந்தப் பக்கம் அவர் பிஸ்கட் கடிக்கும் சத்தம். மெஸ் மூடிக்கிடந்த நாட்களில் மேன்ஷனில் இருந்தவர்களுக்கு அந்தச் சத்தம் போதும். அங்கே 'பசி' என்ற வார்த்தையைப் போடாமல் விட்டீர்களே, அதுதான் எழுத்து.

பஸ் ஓடத் தொடங்கியபின் எழுதியவற்றில் வலு குறைவு. அவர் வந்துவிட்டார், உங்களுக்கு எழுத அவசரமில்லை, புரிகிறது. முகக்கவசத்தோடு இறங்கியவரை நடையை வைத்து அடையாளம் கண்டது மட்டும் இருக்கட்டும்.

ஒவ்வொரு கவிதைக்கும் கீழே தேதி போடுங்கள். அந்த வருஷம் விதிகள் மாறிக்கொண்டே இருந்தன. ஆகஸ்ட் 17 முதல் விண்ணப்பித்தாலே பாஸ், செப்டம்பர் 1 முதல் மாநிலத்துக்குள் பாஸே வேண்டாம், 7-ம் தேதி முதல் மாவட்டம் விட்டு மாவட்டம் பஸ். 'யார் சாகலாம்' என்று ஜூலையில் கேட்டால் அது நிஜமான கேள்வி. செப்டம்பரில் கேட்டால் வெறும் சாமர்த்தியம். பத்து வருஷம் கழித்து வாசிப்பவருக்கு அது தெரிய வேண்டாமா?

அறுபதில் இருபத்தைந்து தேறும். முன்னுரை வேண்டாம். நான் எழுதினால் அகநானூறே ஆறு பக்கத்துக்கு ஓடும், வாசகர் உங்களிடம் வந்து சேரமாட்டார். இ-பாஸ் கவிதையை முதல் பக்கத்தில் வையுங்கள்.